25 அடி ஆர்வி, ஒன்பது நாள், ஏழு கேன்யன்: நடக்கிற காரியமா?

கேள்வி: 11 பிப்ரவரி 2024

மே மூன்றாம் வாரம் ஒன்பது நாள் விடுமுறை. அமெரிக்காவின் லாஸ் வேகஸில் 25 அடி ஆர்வி (படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு ஓடும் வண்டி) வாடகைக்கு எடுத்து அங்கேயே திருப்பித் தர வேண்டும். நான், மனைவி, 9 வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் (66 வயது, தினமும் காலையில் 5 கிலோமீட்டர் நடப்பவர்). ஜயான், பிரைஸ், கேபிடல் ரீஃப், ஆர்ச்சஸ், மானுமெண்ட் வேலி, ஆன்டிலோப், கிராண்ட் கேன்யன் என்று கேன்யன்களும் (ஆழமான பாறைப் பள்ளங்கள்) பாறைக்காட்சிகளுமாக ஏழு இடம் குறித்து வைத்திருக்கிறேன். இடத்துக்கு ஒரு நடை. வீடே கூட வருகிறது, களைத்தால் ஏறிப் படுத்துக்கொள்ளலாம். சரிதானே?

11 பிப்ரவரி 2024, இரவு

சரியில்லை.

முதல் நாள் கையெழுத்துப் போட்டு வண்டியை வாங்கவே மதியம் தாண்டிவிடும். கடைசி நாள் காலையில் கழுவித் துடைத்துக் கொடுக்க வேண்டும். மீதி ஏழு நாளில் ஏழு இடம் என்றால் நீங்கள் போவது நடைக்கு இல்லை, லாரி ஓட்டுவதற்கு. ஆர்ச்சஸைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். மானுமெண்ட் வேலியையும். கேபிடல் ரீஃபை மனசே இல்லாமல் அடிக்கச் சொல்கிறேன்.

"வீடே கூட வருகிறது" என்று 2018-ல் நானும்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீடு ஊர் வரைக்கும் வரும். பாதை தொடங்கும் இடத்துக்கு வராது. ஜயானில் பூங்காவின் பஸ் ஓடும் மாதங்களில் உள் சாலைக்குள் எந்தத் தனியார் வண்டிக்கும் அனுமதி கிடையாது, 2000-லிருந்து அப்படித்தான். பிரைஸில் காட்சிமுனைகளுக்குப் பகலில் நீள வண்டியைக் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருக்கிறது. மண் சாலை என்றால் வாடகை ஒப்பந்தத்திலேயே வேண்டாம் என்று எழுதியிருப்பார்கள்.

என் கணக்கு: ஜயான் 3 இரவு, பிரைஸ் 2, ஆன்டிலோப் இருக்கும் பேஜ் ஊர் வழியாகக் கிராண்ட் கேன்யன் தென்விளிம்பு 2, கடைசி இரவு வேகஸ் பக்கத்தில் எங்காவது. வண்டியை நிறுத்தினால் நிறுத்தினதுதான். காலையில் கதவைத் திறந்து இறங்கி, நடந்தோ பஸ் பிடித்தோ பாதைக்குப் போக முடிகிற இடமாகப் பார்த்து முகாம் போடுங்கள். ஜயானில் வாட்ச்மேன் முகாம் அப்படிப்பட்டது. மின் இணைப்பு உண்டு, பஸ் நிறுத்தம் நடக்கிற தூரம். ஆறு மாதம் முன்பே பதிவு திறந்துவிடும், எனவே இப்போது யாராவது ரத்து செய்தால்தான் உண்டு. தினம் காலையில் காப்பியோடு ஒரு தரம் பார்த்துக்கொண்டே இருங்கள். எனக்கு இரண்டு தடவை அப்படிக் கிடைத்தது. கிடைக்காவிட்டால் வாசலிலேயே இருக்கும் ஸ்பிரிங்டேலில் தனியார் முகாம்.

12 பிப்ரவரி

ஒன்று விட்டுப்போயிற்று. ஜயானிலிருந்து பிரைஸுக்குக் கிழக்கே போகும் சாலையில் ஒரு சுரங்கம் இருக்கிறது. 1930-ல் திறந்தது, 1.1 மைல் நீளம், அந்தக் காலத்துக் காரை மனதில் வைத்துக் குடைந்தது. வண்டி 11 அடி 4 அங்குலத்துக்கு மேல் உயரமோ, கண்ணாடிகளோடு சேர்த்து 7 அடி 10 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் நுழைவாயிலில் 15 டாலர் கூடுதல் கட்டணம். அந்தத் தொகையில் 7 நாளுக்குள் இரண்டு தடவை போகலாம். எதிர்வண்டிகளை நிறுத்திவிட்டு உங்களை நடுவில் விடுவார்கள், ஏனென்றால் வளைவில் ஓரமாகப் போனால் கூரை உரசும். 25 அடி ஆர்வி அநேகமாக அந்த அகலத்துக்குள் அடங்காது, கட்டணத்தை எடுத்து வையுங்கள். ரேஞ்சர்கள் (பூங்காக் காவலர்கள்) இருக்கும் நேரத்தில் மட்டும்தான் விடுவார்கள், சாயங்காலம் தாண்டிப் போய் நிற்காதீர்கள்.

நான் 2018-ல் முதல் தடவை போனபோது என் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். வண்டிக்கு அது உதவும் என்று நினைத்தாளாம்.

24 பிப்ரவரி

மாமனார் கிராண்ட் கேன்யனில் இறங்கி நடக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தினம் 5 கிலோமீட்டர் நடக்கிறவர் என்பது நல்ல விஷயம். ஆனால் எந்தத் தரையில்? அங்கே நடப்பது மலை ஏறுவதற்கு நேர் தலைகீழ். மலையில் ஏறும்போதே மூச்சு வாங்கும், முடியாது என்று உடம்பே சொல்லிவிடும், திரும்பினால் இறக்கம். இங்கே முதலில் இறக்கம். உடம்பு ஒன்றும் சொல்லாது, குஷியாகக் கூட இருக்கும். வெயில் ஏறி, தண்ணீர் தீர்ந்து, கால் தளர்ந்த பிறகுதான் ஏற்றமே தொடங்கும்.

2019 அக்டோபர், நானும் என் மச்சானும். பிரைட் ஏஞ்சல் பாதையில் ஒன்றரை மைல் ஓய்விடம் வரை போய்த் திரும்புவது என்றுதான் கிளம்பினோம். அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. காற்று சிலுசிலுவென்று இருந்தது. "இதுக்கா இவ்ளோ பில்டப்பு?" என்றான் மச்சான். சரி, மூன்று மைல் ஓய்விடம் வரை போகலாமென்று இறங்கினோம். விளிம்பிலிருந்து 2,120 அடி கீழே. இறங்க ஒரு மணி இருபது நிமிடம். ஏற மூன்று மணி பத்து நிமிடம். கடைசி மைலில் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்தோம். மச்சான் ஒரு கல்லைக் காட்டி, "இந்தக் கல்லை நேத்தே பார்த்தோம்" என்றான். கோவேறு கழுதைகள் சுமையோடு எங்களைத் தாண்டிப் போயின. அவை வரும்போது சுவர்ப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும், பள்ளத்தின் பக்கம் நிற்கக் கூடாது. அதை ஒரு பெரியவர் அதட்டித்தான் சொல்லிக் கொடுத்தார். மச்சான் அதுவரை படம் எடுக்க வசதியாக விளிம்பு ஓரம் நின்றுகொண்டிருந்தான்.

இறங்குவது உன் இஷ்டம், ஏறுவது கட்டாயம் என்ற பொருளில் அங்கே பலகை இருக்கிறது. போகும்போது அதைப் பார்த்துச் சிரித்துப் படம் எடுத்தோம். ஆண்டுக்கு 250 பேருக்கு மேல் அந்தப் பள்ளத்திலிருந்து மீட்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதில் பலரும் எங்களைப் போல "இன்னும் கொஞ்சம்" என்றவர்களாகத்தான் இருப்பார்கள்.

எனவே மாமனாருக்கு என் பரிந்துரை: சவுத் கைபாப் பாதையில் ஊ-ஆ முனை. (பெயரே அதுதான், நான் வைக்கவில்லை.) ஒரு வழிக்கு 0.9 மைல். தெம்பாக இருந்தால் சீடர் ரிட்ஜ், 1.5 மைல். அந்தப் பாதையில் தண்ணீர் சொட்டுக்கூடக் கிடையாது, மேலேயே நிரப்பிக்கொண்டு போக வேண்டும். பாதை தொடங்கும் இடத்துக்குப் பஸ்தான், ஆர்வியோடு அங்கே போக முடியாது. இறங்கத் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏற்றத்துக்கு அதைப் போல இரண்டு பங்கு வையுங்கள். கையிலிருக்கும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும், எந்த முனையில் நின்றாலும் சரி.

25 பிப்ரவரி

வேறொருவர் கேட்கிறார்: பள்ளத்தின் அடியில் ஓடும் நதி வரை போய் ஒரே நாளில் திரும்ப முடியாதா, யூடியூபில் ஓடியே போகிறார்களே என்று. முடிகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே கேட்டுக்கொண்டு இருக்க மாட்டார்கள்.

3 மார்ச்

தண்ணீரைப் பற்றி எழுதினதில் பாதிதான் சொன்னேன். இந்த வறண்ட காற்றில் வியர்வை வருவதே தெரியாது, வந்தவுடன் காய்ந்துவிடும். சட்டையில் வெள்ளைக் கோடு தெரிந்தால்தான் உப்பு போயிருப்பது புரியும். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரை போகும். பார்க்க வெயில் மயக்கம் மாதிரியே இருக்கும், இன்னும் தண்ணீர் கொடுத்தால் மோசமாகும். அதனால் தண்ணீரோடு உப்பும் போக வேண்டும்.

இந்த விஷயத்தில் நமக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. பிளாஸ்கில் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, டப்பாவில் புளிசாதம், கூட நாரத்தங்காய். 2022-ல் யூட்டா மாநிலத்து எஸ்கலாண்டேயில் ஒரு ஜெர்மன்காரத் தம்பதி கொடுத்த உப்புக் கடலையும் எங்கள் நாரத்தங்காயும் கைமாறின. அவர் முகம் போன போக்கை இன்னும் வீட்டில் நடித்துக் காட்டுகிறோம். ஆனால் துப்பவில்லை, மரியாதையான மனுஷன்.

ஆர்வியின் ஒரே உண்மையான சௌகரியம் இதுதான். காலை ஐந்து மணிக்கு அடுப்பு இருக்கிறது. ஆறு மணிக்குப் பாதையில் இருக்கலாம், பதினொன்றுக்குத் திரும்பி வந்துவிடலாம். மோட்டலில் காலைச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற ஆட்கள் கிளம்பும்போது நீங்கள் பாதி முடித்திருப்பீர்கள்.

17 மார்ச்

ஸ்லாட் கேன்யன் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள், நீளமாகவே எழுதுகிறேன்.

சந்து மாதிரிப் பள்ளம். மேலே இருபது முப்பது அடி உயரத்தில் ஒரு கோடாக வானம். கீழே இரண்டு சுவருக்கும் நடுவே சில இடங்களில் ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பினால்தான் போக முடியும். எஸ்கலாண்டே பக்கம் ஸ்பூக்கி என்று ஒன்று, ஒரு கட்டத்தில் பத்து அங்குலம்தான். பையைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, வயிற்றை எக்கிக்கொண்டு போனேன். சுவர் வழவழப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், உப்புத்தாள் மாதிரி இருந்தது. முழங்கையில் தோல் போனது போனதுதான். உள்ளே ஒரு குளிர்ச்சி, கிணற்றுக்குள் இறங்கினால் வருமே, அது. தரையில் காய்ந்த சேறு ஏடு ஏடாகச் சுருண்டு, பொரிக்காத அப்பளம் வெயிலில் வளைந்த மாதிரி கிடந்தது. மிதித்தால் நொறுங்கும் சத்தம் கூட அப்பளச் சத்தம்தான்.

அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன். என் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில், இரண்டு சுவருக்கும் குறுக்கே ஒரு பெரிய மரத்தடி செருகியிருந்தது. பரண் போட்ட மாதிரி. யார் கொண்டுபோய் வைத்தார்கள் என்று யோசித்த ஒரு நொடிக்குப் பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. வெள்ளம் வைத்தது. அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வந்திருக்கிறது, நான் நிற்கிற இடத்தில்.

இந்த ஊரில் பாறைதான் அதிகம், மண் கொஞ்சம். மழை பெய்தால் ஊறுவதற்கு இடமில்லாமல் அப்படியே வழிந்து, இருக்கிற பள்ளத்துக்கெல்லாம் ஓடும். மழை உங்கள் தலையில் பெய்ய வேண்டியதில்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று ஆன்டிலோப் கேன்யனின் கீழ்ப்பகுதியில் 11 பேர் இறந்தார்கள், மழை பெய்தது தொலைவில் மேல்பகுதியில். 2015 செப்டம்பர் 14 அன்று ஜயானில் கீஹோல் என்ற சந்தில் 7 பேர். அவர்கள் அனுமதிச் சீட்டு வாங்கிப் போனவர்கள்தான். சீட்டு இருக்கிறது என்றால் மழை வராது என்று அர்த்தமில்லை. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை மதியத்துக்கு மேல் இடிமழைக் காலம். மே பரவாயில்லை, ஆனாலும் காலையில் ரேஞ்சர் அலுவலகத்தில் வெள்ள வாய்ப்பு எப்படி என்று கேட்டுவிட்டுப் போங்கள். அவர்கள் "வாய்ப்பு உண்டு" என்று சொன்னால் அன்றைக்கு விளிம்பில் நடந்தால் போதும்.

ஸ்பூக்கிக்கு ஆர்வியில் போக முடியாது. நெடுஞ்சாலையிலிருந்து 26 மைல் மண் சாலை, தகரக் கூரை மாதிரி வரிவரியாக. ஓட்டினால் அலமாரித் தட்டுகள் கழன்று மடியில் விழும். எஸ்கலாண்டே ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு நாள் ஜீப் வாடகைக்கு எடுத்தோம்.

18 மார்ச்

நேற்று எழுதினதைத் திருத்த வேண்டும். "ஆர்வியில் போக முடியாது" என்றேன். போகிறார்கள், பார்த்தோம். ஒரு 22 அடி வண்டி சாலையோரம் பின்சக்கரம் மணலில் புதைந்து நின்றது, பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு ஒருவர் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். உதவி வேண்டுமா என்று கேட்டோம். "மனைவி ஊருக்குள் போயிருக்கிறாள், இழுவை வண்டியோடு வருவாள் அல்லது வக்கீலோடு வருவாள்" என்றார்.

இன்னொரு திருத்தம்: "இருபது முப்பது அடி" என்பது ஸ்பூக்கிக்கு. பக்ஸ்கின் கல்ச் மாதிரி நீளமான சந்துகளில் சுவர் நூற்றுக்கணக்கான அடி.

6 ஏப்ரல்

ஆன்டிலோப்புக்கு முன்பதிவு செய்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. அது நவஹோ பழங்குடி மக்களின் நிலம், வழிகாட்டி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

மணியைக் கவனியுங்கள். யூட்டாவில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள். அரிசோனாவில் தள்ள மாட்டார்கள். பேஜ் ஊர் அரிசோனா. ஆனால் நவஹோ நாடு, அரிசோனாவுக்குள் இருந்தாலும், தள்ளும். நவஹோ நாட்டுக்கு நடுவே இருக்கும் ஹோபி என்ற இன்னொரு பழங்குடியின் நிலம் தள்ளாது. உங்கள் கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த மணியைக் காட்டும். ஆன்டிலோப் நவஹோ நிலமாக இருந்தாலும் அங்கே சுற்றுலா நடத்துகிறவர்கள் பேஜ் மணியைத்தான் பின்பற்றுவார்கள்.

நாங்கள் கனாபிலிருந்து (யூட்டா) போய் ஒரு மணி நேரம் முன்னதாகச் சேர்ந்தோம். நிறுத்துமிடத்தில் ரவை உப்புமா கிளறிச் சாப்பிட்டோம். மாற்றி யோசித்துப் பாருங்கள், ஒரு மணி நேரம் தாமதமாகப் போயிருந்தால் பணமும் போயிருக்கும்.

20 ஏப்ரல்

நாயைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று ஒருவர். தேசியப் பூங்காக்களில் நாய்க்குப் பெரும்பாலான பாதைகள் மூடியவை. ஜயானில் பாருஸ் பாதையில் விடுவார்கள், கிராண்ட் கேன்யன் தென்விளிம்பில் மேல்பாதையில் விடுவார்கள், கீழே இறங்கக் கூடாது. வண்டிக்குள் பூட்டிவிட்டு நடக்கப் போகாதீர்கள். மின்சாரம் போனால் ஏசி நிற்கும், மே மாத வெயிலில் தகரப் பெட்டி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அணில்: தென்விளிம்பு அணில்கள் ஆட்களுக்குப் பயப்படாதவை. கடிக்கும். 2019-ல் மச்சான் ஓய்விடத்தில் பையை வைத்துவிட்டுப் படம் எடுத்த நேரத்தில் ஜிப்பை விட்டுவிட்டுத் துணியை ஓட்டை போட்டு முறுக்குப் பொட்டலத்தை இழுத்துப் போய்விட்டது. கொடுத்தால் அபராதம் என்று பலகை இருக்கிறது. எடுத்துக்கொண்டு போனால் யாருக்கு அபராதம் என்று மச்சான் கேட்டான்.

28 ஏப்ரல்

வண்டி விஷயம் கொஞ்சம். 2018-ல் வாடகைக்கு எடுத்தது ஒரு நிறுவனத்தில், பெயர் எதற்கு. கழிவுத் தொட்டி மானி முதல் நாளே மூன்றில் இரண்டு பங்கு காட்டியது. காலி செய்தோம், அதே மூன்றில் இரண்டு. மறுபடி காலி செய்தோம். ஐந்தாவது தடவை டம்ப் ஸ்டேஷனில் (கழிவைக் கொட்டும் இடம்) இருந்த பெரியவர், "சென்சாரில் ஏதோ ஒட்டியிருக்கிறது மகனே, என்ன ஒட்டியிருக்கிறது என்று கேட்காதே" என்றார். மானியை நம்பாதீர்கள், நாளைக் கணக்கு வையுங்கள். கழிப்பறைத் தொட்டியை முதலில் திறக்க வேண்டும், குளிக்கிற தண்ணீர்த் தொட்டியைப் பிறகு. அப்போதுதான் குழாய் சோப்புத் தண்ணீரில் கழுவிக்கொள்ளும். கையுறை போடுங்கள்.

சிவப்பு மணல் எல்லா இடத்துக்கும் வரும். படுக்கை, தோசைக்கல், சார்ஜர் ஓட்டை. வாசலில் ஒரு பழைய துண்டும் ஒரு சின்ன வாளித் தண்ணீரும் வைத்து, காலைக் கழுவாமல் யாரையும் ஏற்றாதீர்கள். எனக்குத் திருச்செந்தூர்ப் பக்கம். தேரி மணலில் வேட்டி கட்டி நடந்தவனுக்கு இந்தச் சிவப்பு புதிதில்லை, இரண்டுக்கும் இரும்புதான் காரணம். ஜயானின் அந்த உயர்ந்த சுவர்கள் காற்று குவித்த மணல்மேடுகள்தான், ஜுராசிக் காலத்தில். சுவரில் சாய்வு சாய்வாகக் கோடு தெரியும். தேரியை வெட்டிப் பார்த்தால் தெரிகிற அதே சாய்வு. கல்லான தேரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

9 மே

கிளம்பப் போகிறீர்கள், கடைசி நினைவூட்டல்கள்.

நேரோஸ்: ஜயானில் ஆற்றுக்குள்ளேயே நடக்கும் பாதை. விநாடிக்கு 150 கன அடிக்கு மேல் ஓடினால் மூடிவிடுவார்கள். மே என்பது மேலே பனி உருகும் காலம். 2023-ல் பனி அதிகம், மே முழுக்க மூடிக் கிடந்தது. எனவே அதை நம்பி மகளுக்கு ஆசை காட்டாதீர்கள். நீரில் நஞ்சாகும் பாசி பற்றிய எச்சரிக்கையும் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் முகத்தை முக்கக் கூடாது.

ஏஞ்சல்ஸ் லேண்டிங் (ஜயானில் ஒரு பாறை உச்சி): 2022 ஏப்ரல் 1 முதல் குலுக்கல் சீட்டு. நீங்கள் போடவில்லை என்றால் விட்டுவிடுங்கள். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போகும் அந்தக் கடைசிப் பகுதிக்கு 9 வயதுப் பெண்ணைக் கூட்டிப்போவதை நான் ஆதரிக்க மாட்டேன். அதற்கு முன்னால் இருக்கும் ஸ்கவுட் முனை வரை சீட்டு வேண்டாம், 21 கொண்டை ஊசி வளைவுகளும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

பிரைஸ்: ஸ்வெட்டர். விளிம்பே 8,000 அடி, ஊட்டியை விட உயரம். மே மாத இரவில் தண்ணீர் உறையலாம். அந்தக் கல்தூண்களைச் செதுக்குவதே அந்த உறைவுதான், விரிசலில் தண்ணீர் புகுந்து பகலில் உருகி, இரவில் உறைந்து விரிந்து உடைக்கிறது. குவீன்ஸ் கார்டனில் இறங்கி நவஹோ வளையத்தில் ஏறுங்கள், மொத்தம் சுமார் 3 மைல். பையூட் பழங்குடி மக்கள் கதையில் அந்தத் தூண்கள் எல்லாம் தவறு செய்த ஆட்கள், கொயோட்டி (அந்த ஊர்க் காட்டு நரி மாதிரி) கல்லாக்கிவிட்டது. மாமனாரிடம் சொல்லுங்கள், அகலிகை கதையைத் தொடங்கிவிடுவார், ஏற்றம் தெரியாது.

பாதை ஓரத்தில் மண்மேல் கறுப்பாகப் பொருக்குத் தட்டினது போல இருந்தால் மிதிக்காதீர்கள். அது உயிருள்ள பொருக்கு. ஒரு மிதி ஆற வருடக்கணக்காகும்.

யாராவது ஒருவரிடம் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். 2003-ல் ப்ளூஜான் கேன்யனில் பாறையில் கை மாட்டி, கையை வெட்டிக்கொண்டு வந்தாரே ஆரன் ரால்ஸ்டன், அவர் போகும் இடத்தை யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே சிக்னல் கிடையாது.

4 ஜூன்

போய் வந்துவிட்டார்கள். தனி மடலில் எழுதியிருக்கிறார், அனுமதியோடு சுருக்கம் போடுகிறேன்.

வாட்ச்மேனில் இரண்டு இரவு கிடைத்ததாம், ரத்தானது. நேரோஸ் மூடியிருந்தது. மகள் அழுதாள், பாருஸ் பாதையில் ஆற்றங்கரையில் காலை நனைத்ததும் மறந்துவிட்டாள். சவுத் கைபாப்பில் ஊ-ஆ முனையில் மாமனார் உட்கார்ந்துவிட்டார். "நான் இங்கேயே இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றாராம். மாப்பிள்ளை சீடர் ரிட்ஜ் போய் வந்து பார்த்தால் மாமனாரைச் சுற்றி நான்கு பேர், நாரத்தங்காய் விநியோகம் நடந்துகொண்டிருந்தது.

என் தவறு ஒன்றையும் சுட்டியிருக்கிறார், சரிதான். "வண்டியை நிறுத்தினால் நிறுத்தினதுதான்" என்றேன். தென்விளிம்பில் மின் இணைப்பு உள்ள டிரெய்லர் வில்லேஜில் இடம் கிடைக்காமல், பூங்காவுக்கு வெளியே தூசயான் பக்கம் தங்கினார்கள். காலை ஐந்தரைக்குப் படுக்கையைச் சுருட்டி, குழாயைக் கழற்றி, வண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டியதாயிற்று. கூட ஒரு சின்னக் கார் இருந்தால் தேவலை என்கிறார். மறுக்க மாட்டேன். அடுத்த தடவை ஆள் சேர்ந்தால் ஆர்வி ஒருவர், கார் ஒருவர் என்று போவதுதான் சரி. இதை பிப்ரவரியிலேயே சொல்லியிருக்கலாம்.

11 ஆகஸ்ட்

"டபுள் ஆர்ச் (இயற்கையான பாறை வளைவு) விழுந்துவிட்டது" என்று காலையிலிருந்து ஆளாளுக்கு அனுப்புகிறார்கள். எனக்கும் நெஞ்சு திக்கென்றது, 2018-ல் அதன் கீழ் நின்று குடும்பப் படம் எடுத்திருக்கிறோம். விசாரித்தால், விழுந்தது ஆர்ச்சஸ் பூங்காவில் இருப்பது இல்லை. அதே பெயரில் பவல் ஏரிப் பக்கம், ராக் க்ரீக் விரிகுடாவில் இருந்தது, 8-ஆம் தேதி. அதற்குக் கழிப்பறைக் கோப்பை என்றும் ஒரு பெயர் உண்டாம். எங்கள் படம் பத்திரம்.

25 ஆகஸ்ட்

வியாழக்கிழமை கிராண்ட் கேன்யன் பக்கத்து ஹவாசுபாய் பள்ளத்தில் திடீர் வெள்ளம். நூற்றுக்கு மேற்பட்டவர்களை ஹெலிகாப்டரில் எடுத்தார்கள், காணாமல் போயிருந்த ஒரு பெண்ணின் உடல் இன்று கிடைத்திருக்கிறது. மார்ச் 17 குறிப்பை மறுபடி ஒரு தடவை படித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் "டிக்கெட் மலிவு" என்று கிளம்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

14 செப்டம்பர் 2025

இந்தப் பழைய பதிவை யாரோ தோண்டி மேலே கொண்டுவந்துவிட்டார்கள், எனவே பழசை நம்பி யாரும் போகாமலிருக்க இரண்டு வரி.

ஜயான் சுரங்கம்: நான் சொன்ன 15 டாலர் கணக்குக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் ஆயுசு. 2026 நடுவிலிருந்து பெரிய வண்டிகளை அந்தச் சாலையிலேயே விடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். பிரைஸுக்குப் போக 15-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போய், 20-ஆம் சாலையில் குறுக்கே வெட்டி, 89-ஐப் பிடிக்க வேண்டும். சுற்றுதான். மூச்சைப் பிடித்துத் தலையைக் குனியத் தேவையில்லை என்பது லாபம்.

கிராண்ட் கேன்யன் வடவிளிம்பு: ஜூலையில் தீப்பிடித்து அங்கிருந்த பழைய விடுதி எரிந்துபோனது. எனவே வடக்கு, தெற்கு என்று இரண்டையும் போட்டுக் கேட்டிருப்பவர் இந்த ஆண்டுக்கு வடக்கை அடித்துவிடுங்கள்.

நாங்கள் அக்டோபரில் கேபிடல் ரீஃப் போகிறோம், ஒரே இடம், நான்கு இரவு. ஃப்ரூட்டா முகாமில் மின் இணைப்பு இல்லை, ஆனால் பழத்தோட்டத்துக்கு நடுவே, கோஹாப் பாதை கூப்பிடு தூரம். மச்சான் கார் எடுத்துக்கொண்டு வருகிறான். முறுக்கை இந்தத் தடவை எவர்சில்வர் சம்புடத்தில் போட்டுக் கொண்டுவரப் போவதாகச் சொன்னான்.